கிழக்கே வெட்டிய கரை

எங்கள் ஊர்க் கரையைப் பார்க்க வெளியூரிலிருந்து யாரும் வந்ததில்லை. பார்க்க அதில் ஒன்றும் கிடையாது. மண்ணைக் குவித்து, மிதித்து, உயர்த்திய ஒரு மேடு. கப்பலூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் வந்தால் கரட்டுக் குன்றுக்கும் ஊருக்கும் நடுவே புல் முளைத்துக் கிடக்கும். கோடையில் அதன் உட்புறம் வெறும் பொட்டல், ஆடு மேயும். மழைக்காலத்தில் கரட்டிலிருந்து இறங்குகிற ஓடைத் தண்ணீர் மொத்தமும் அங்கே வந்து முட்டும். அது ஒரே மூச்சில் ஊருக்குள் புகாமல் நிறுத்துவதற்குத்தான் கரை. மேற்கு ஓரத்தில் கல்லும் சிமெண்டும் வைத்துத் தாழ்வாகக் கட்டிய கலுங்கு இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்ததும் அதன் வழியாக வழிந்து பழையபடி ஓடைக்குப் போய்விடும்.

கரைக்குக் கீழே மேற்குப் பக்கம் வயல். வயலைத் தாண்டி மேட்டில் மேலத்தெரு. கிழக்குப் பக்கம் பள்ளம். அங்கே கீழத்தெரு. கீழத்தெருவில் கரைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது எங்கள் வீடு.

பெருமழை பெய்து கலுங்குக்கு அடங்காமல் தண்ணீர் கரைமேல் ஏறப் பார்த்தால், கரையை நாமே வெட்டிவிட வேண்டும். தானாக உடைந்தால் எங்கே உடையும், எவ்வளவு உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டுவதாக இருந்தால் மேற்கே, கலுங்குக்குப் பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். வயல் முழுகும், வீடு தப்பிக்கும். இது எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் வருசா வருசம் ஐப்பசி பிறக்கும்போது இரண்டு தெருவும் மேற்குக் கரையில் கூடிப் பொங்கல் வைக்கும். மேலத்தெரு ஆள் ஒருவர் மண்வெட்டியால் ஒரே ஒரு கட்டி மண்ணை வெட்டி எடுப்பார். கீழத்தெரு ஆள் ஒருவர் அதைக் கையில் வாங்கித் திரும்ப அதே இடத்தில் வைத்து மிதிப்பார். வெட்டினால் இங்கேதான் என்று அர்த்தம். "வயலு அடுத்த வருசம் வெளையும். இடிஞ்ச சொவரு வெளையுமாப்பா?" என்று யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார். எல்லாரும் சிரிப்போம். பொங்கலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

கரையில் நான் நூறு நாள் வேலை பார்த்திருக்கிறேன். மண் வேலைக்குச் சோடி சேர வேண்டும். ஒருத்தி வெட்டிச் சட்டியில் அள்ளித் தூக்கிவிடுவாள், இன்னொருத்தி சுமந்து போய்க் கொட்டுவாள். என் சோடி மேலத்தெருக்காரி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது, இருந்தாலும் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவளும் வெளி ஆள்கள் முன்னால் என்னை மதினி என்பாள். மற்ற நேரம் ஏத்தா, வாத்தா, போத்தாதான்.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. பத்தாவது வரை படித்தவள்தான், எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பேசச் சொன்னால் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒதுங்கிவிடுவேன். மதினிக்கு அப்படி இல்லை. ரேசன் கடையில் எடை குறைந்தால் எனக்காகவும் சேர்த்து அவள்தான் சண்டை போடுவாள். பேங்கில் நான் கையெழுத்துப் போடுவேன், கேள்விக்கெல்லாம் அவள் பதில் சொல்லுவாள். "இவ வாய நாந்தான் வாடகைக்கு எடுத்திருக்கேன்" என்று எல்லாரையும் சிரிக்க வைப்பாள். நானும் சிரிப்பேன். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. பேச ஆள் இருக்கும்போது நாம் எதற்குப் பேச வேண்டும்?

கரை வேலையில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. நண்டுப் பொந்து, எலி வளை எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு கருவேலங்குச்சியை நட்டுவிடுவோம். களிமண் கொண்டுவந்து அடைத்து, மிதித்து, கெட்டியான பிறகுதான் குச்சியைப் பிடுங்குவோம். போன கோடையில் கிழக்குக் கரையில் ஒரு இடம் என் காலுக்கு மெத்தென்று பட்டது. தோண்டிப் பார்த்தால் உள்ளே பழைய பனைத்தூர் மக்கிக் கிடந்தது. நானும் மதினியும் அதை வெட்டி எடுத்துவிட்டு மண்ணைப் போட்டு மிதித்தோம். எவ்வளவு மிதித்தும் அந்த இடம் மட்டும் இளக்கமாகவே இருந்தது.

"இன்னொரு தரம் களிமண்ணு போடணும் மதினி. மழைக்கு முன்னாடி" என்றேன்.

"போடுவோம், போடுவோம். குச்சி நிக்கட்டும்" என்றாள்.

அதற்குள் வேலையை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். குச்சி அப்படியே நின்றது. அதற்கு நேர் கீழேதான் எங்கள் வீடு.

வீடு என்றால் ஒரே அறை. அரசாங்கத் திட்டத்தில் வந்த வீடு. வந்த பணம் சுவருக்கும் கூரைக்கும் சரியாகப் போனது. கதவு வைத்தது ஒரு வருசம், ஜன்னல் வைத்தது மறு வருசம். உள்பூச்சுப் பூசி முடிக்கும்போது மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். பின்னால் மண் சுவரில் அடுப்படி, அதை ஒட்டி ஆட்டுக்கொட்டம். என் வீட்டுக்காரர் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். நூறு நாள் வேலை இல்லாத மாதங்களில் நானும் கப்பலூரில் சாக்குப் பை தைக்கிற இடத்துக்குப் போவேன். அங்கிருந்து வேன் வந்து பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கான்கிரீட் கூரைக்குக் கீழே படுப்பது எங்கள் குடும்பத்தில் நாங்கள்தான் முதல். மழை பெய்தால் பாத்திரம் எடுத்து வைக்க வேண்டாம். இது எனக்குப் பெரிய விசயம்.

இந்த வருசம் ஐப்பசி மழை முன்னமே பிடித்தது. மேலத்தெரு நெல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் நிற்கட்டும் என்று கலுங்கின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். மழை ஓய்ந்த பிறகு கார்த்திகைக் கடைசியில் அடுக்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை அவசரப்பட்டுவிட்டார்கள். கீழத்தெருவிலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு மழை விடாமல் பெய்தது. தண்ணீரும் அதன் கனமும் ஏற, மூட்டைகள் சேற்றில் இறுகிவிட்டன. மதினி குடும்பம் குத்தகைக்கு எடுத்திருந்த வயல் மேற்குக் கரைக்கு நேர் கீழே இருந்தது. நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

அன்றைக்குக் காலையில் மழை கொஞ்சம் தணிந்தது. வேன் வருகிற நேரத்தில் மதினி குடையோடு எங்கள் தெருவுக்கு வந்தாள்.

"என்ன மதினி, போகவா இருக்கவா?" என்று கேட்டேன்.

"போத்தா. நீ இருந்து என்ன பண்ணப் போற? தண்ணிய வாயால உறிஞ்சப் போறியா?"

"கரை தாங்குமா?"

"எங்க வீட்டு மனுசன் அங்கதான நிக்கிறாரு. ஏதாச்சும்னா ஒனக்குப் போன் போடுறேன். நீ வந்து சாமானத் தூக்கிக்கலாம்."

"கொட்டத்துல ஆடு கட்டிக் கெடக்கு."

"பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல. பட்டினி போட நான் என்ன ஒன் ஆட்டுக்கு மாமியாளா?"

வேனில் இருந்த பொம்பளைகள் சிரித்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி மழை இறங்கியது. தகரக் கூரையில் அடித்த அடியில் பக்கத்தில் இருந்தவள் பேசுவது கேட்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமல் வெளியே வந்து ஓரமாக நின்று மதினிக்குப் போன் அடித்தேன். எடுத்தாள்.

"மதினி, எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கலுங்கு நல்லாப் போகுது. நீ சாப்புட்டியா?"

அவளுக்குப் பின்னால் ஆம்பளைகள் சத்தம் போடுவது கேட்டது. ஈர மண்ணில் மண்வெட்டி விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். எத்தனையோ வருசம் கேட்ட சத்தம்.

"என்ன மதினி சத்தம்?"

"அதா? மூட்டைய எடுக்குறாக. நீ வேலையப் பாரு. வையி."

மூட்டையை எடுக்கிறார்கள் என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. கலுங்கு திறந்தால் தண்ணீர் வடிந்துவிடும். உள்ளே போய்ச் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வேன் எங்களைக் கொண்டுவந்துவிட்டது. ஊர் முக்கில் டிரைவர் வண்டியை நிறுத்தி, "அக்கா, இதுக்கு மேல போகாது" என்றார். சாலையே இல்லை. செம்மண் தண்ணீர் தொடை வரை ஓடியது. கீழத்தெருச் சனம் எல்லாம் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. தண்ணீர் இரைந்து வந்த சத்தம் கேட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எனக்கு யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தண்ணீருக்குள் இறங்கி வீட்டைப் பார்க்கப் போனேன்.

அடுப்படி இல்லை. கொட்டம் இருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றது. கான்கிரீட் அறை நின்றது, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. கரைப் பக்கத்து மூலையில் கீழே இருந்த மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. கூரையிலிருந்து தரை வரை சுவர் கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. ஜன்னல் மட்டத்துக்குச் சேறு. நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். பனைத்தூர் இருந்த இடத்தில் கரை இல்லை. அந்த வழியாகத் தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

இளக்கமான இடம், உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மேற்கே வெட்டுவதற்குள் இங்கே உடைந்துவிட்டது. இன்னொரு தரம் களிமண் போட்டிருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு ஆடுகள் ஞாபகம் வந்தது. கயிற்றில் கட்டிக் கிடந்தவை. பள்ளிக்கூட வராண்டாவில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அத்தனை பேர் முன்னால் நான் சத்தம் போட்டு அழுதது அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டுக்காரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி, ஆட்டுக்கா அழுகுற? ஒன் ஆடு மேல பத்திரமா இருக்கு. ஒன் மதினிதான் ஓட்டிட்டுப் போனா. நான் பாத்தேன்."

"எப்ப?"

"தண்ணி வரதுக்கு ரொம்ப முந்தி. கொட்டம் ஒழுகுதுன்னா. நான்கூட, ஆட்டுக்கு வந்த வாழ்வப் பாரேன்னு சொல்லிச் சிரிச்சேன்."

அவள் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

மேலத்தெருவுக்குப் போனேன். மதினி வீட்டு வாசல் தாழ்வாரத்தில் என் ஆடுகள் இரண்டும் அகத்திக்கீரை தின்றுகொண்டு நின்றன. மதினி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"வாத்தா, வா. எம்புட்டு நனைஞ்சிருக்க. உள்ள வந்து சேலைய மாத்து. பாத்தியா, ஒன் ஆட்டு மேல ஒரு சொட்டு படல."

நான் குனிந்து ஆட்டைத் தடவினேன். முதுகு காய்ந்திருந்தது. வயிறும் காய்ந்திருந்தது. கடைசியாகக் காலைப் பிடித்துப் பார்த்தேன். குளம்புக்கு மேல் ரோமம் பொசுபொசுவென்று இருந்தது. மதியம் பிடித்த மழையில் நடந்து வந்த ஆடு இப்படி இருக்காது. மழை தணிந்திருந்த முற்பகலிலேயே வந்த ஆடு இது.

மதினி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேகமாகப் பேச ஆரம்பித்தாள்.

"நான் சொன்னேன்த்தா, யாரு கேக்குறா? மூட்டை அசையல. வெட்டித்தான் ஆகணும்னுட்டாக. நெல்லு பால் புடிச்சு நிக்குது. மேற்க வெட்டுனா எங்க நெல்லு, அங்கிட்டு ஏழு வீட்டு நெல்லு, அம்புட்டும் போயிரும். கீழத்தெருவுல ஆளுக ஓடித் தப்பிச்சுக்கும்னாக. நான் என்ன பண்ண?"

ஆட்டின் காலை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"கெழக்க எங்க வெட்டுறதுன்னு தெரியாம நின்னாக. கெட்டி மண்ண வெட்டி முடிக்கிறதுக்குள்ள தண்ணி மேல ஏறிரும்ல. அப்பத்தான்…"

"குச்சி நட்ட எடத்தச் சொன்னீகளா?"

மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அங்கதான மண்ணு எளக்கமா இருந்துச்சு" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் செய்ததற்கு நான் ஏன் வெட்கப்பட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "போன்ல சொல்லலையே" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா நீ பதறி வருவ. வந்து தண்ணில மாட்டிருப்ப. ஒன் நல்லதுக்குத்தான்த்தா."

அது முழுப் பொய் இல்லை. வந்திருந்தால் மாட்டியும் இருப்பேன். ஆனால் ஒரு டிரங்குப் பெட்டியாவது எடுத்திருப்பேன். அதையும் விடுங்கள், கீழத்தெருவில் நாலு பேருக்குப் போன் அடித்திருப்பேன். நாலு பேர் கரைக்கு ஓடியிருந்தால் மண்வெட்டி நின்றிருக்கும். மதினிக்கும் அது தெரியும்.

அவள் கொடுத்த காபியைக் குடிக்கவில்லை. ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இருந்த நாள்களில் இதை நிறைய யோசித்தேன். நெல்லா வீடா என்று வந்தால் தன் நெல்லைப் பார்ப்பது எனக்குப் புரியாத விசயம் இல்லை. எங்களுக்கு அங்கே வயல் இருந்து அவளுக்கு இங்கே வீடு இருந்திருந்தால், என் வீட்டுக்காரர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. என்னால் தாங்க முடியாதது வேறு. அவள் என் வீடு வரைக்கும் வந்திருக்கிறாள். கொட்டத்துக்குள் நின்று கயிற்றை அவிழ்த்திருக்கிறாள். எதிரில்தான் பூட்டிய கதவு. ஆட்டைக் காப்பாற்றலாம், வீட்டை விட்டுவிடலாம் என்று என் சார்பில் அவளே முடிவு செய்திருக்கிறாள். என் சார்பில் எல்லாவற்றையும் அவள்தானே பேசிக்கொண்டிருந்தாள். அப்படிப் பழக்கியதில் நான் எதையெல்லாம் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கீழத்தெரு ஆம்பளைகளிடம் சொன்னார். அவர்கள் கொதிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கொதித்தார்கள்தான், ஒரு பொழுது. மறுநாள் வராண்டாவில் கூடிப் பேசிவிட்டு வேறு மாதிரி வந்தார்கள். வெட்டினார்கள் என்று சொன்னால் போலீஸ், கேசு என்று இழுக்கும். நிவாரணம் வராது. மழையில் தானாக உடைந்தது என்றால் எல்லாருக்கும் கிடைக்கும். "நம்ம ஆளுக சொல்றதும் ஞாயந்தான" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டு அளவுக்கு வேறு எந்த வீடும் பிளக்கவில்லை. மற்றவர்கள் சேற்றை அள்ளிவிட்டுக் குடியேறிவிடலாம். தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

தண்ணீர் வடிந்த பிறகு அதிகாரி ஒருவர் வந்தார். உடைப்புக்குப் பக்கத்தில் இரண்டு தெருவும் கூடி நின்றது. அவர் ஒவ்வொருவராகக் கேட்டார். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே வாயாகத் தானாக உடைந்தது என்றார்கள். கடைசியில் எங்கள் வீட்டைக் காட்டி, "இது யார் வீடு?" என்றார். என்னை முன்னால் தள்ளினார்கள்.

"நீங்க சொல்லுங்கம்மா. எப்படி உடைஞ்சது?"

நான் அவர் கையில் இருந்த நோட்டையே பார்த்தேன். பின்னாலிருந்து மதினி வந்து என் தோளில் கை வைத்தாள். எத்தனையோ தடவை வைத்த கை.

"அவளுக்கு வாயி வராது சார். பாவம், மொதல்ல போனதே அவ வீடுதான். தானாத்தான் ஒடைஞ்சது. அம்புட்டு மழை."

"என் ஆடு நனையல சார்" என்றேன்.

அதிகாரிக்கு விளங்கவில்லை. "என்னம்மா?"

"ஆடு ரெண்டும் கொட்டத்துல கட்டிக் கெடந்துச்சு. கொட்டம் போச்சு. ஆடு நனையல."

"ஆடாவது பொழைச்சதே, சந்தோசம்மா" என்று சொல்லிவிட்டு அவர் டேப்பைப் பிடிக்க ஆள் கூப்பிட்டார். அளக்கிற வேலை ஆரம்பித்தது. ஆனால் சுற்றி நின்ற எல்லாருக்கும் விளங்கிவிட்டது. யாரோ இருமினார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தாள். மதினியின் வீட்டுக்காரர் வயல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கீழத்தெரு ஆம்பளைகள் சிலர், காரியத்தைக் கெடுத்துவிடுவாளோ என்று என்னை முறைத்தார்கள். மதினியின் கை தோளிலிருந்து இறங்கியது.

கூட்டம் கலைந்தது. தெருக்கள் பிரிகிற இடம் வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே பாதைதான். மதினி என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். அவள் பேசாமல் நடந்து நான் பார்த்ததே இல்லை. பிரிகிற இடத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"இப்படி ஊரு முன்னாடி சொல்லணுமாத்தா? எங்கிட்டத் தனியாக் கேட்டிருக்கலாம்ல?"

"தனியாத்தான கேட்டேன் மதினி. போன்ல."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேலத்தெருப் பக்கம் ஏறிப் போனாள். எனக்கு வீட்டுக்குள் அள்ள வேண்டிய சேறு இன்னும் நிறையக் கிடந்தது. வெயில் நன்றாக அடித்தது. அதற்கு மேல் விட்டால் சேறு காய்ந்து இறுகிவிடும் என்று வேகமாக நடந்தேன்.